கஜலட்சுமியைத் தோற்கடித்தவர்

திம்மப்பன் தம் ஆயுளில் கணக்கில்லாத பஸ்களைப் பரீட்சையில் தேற வைத்தார். ஒன்றே ஒன்றைத்தான் தோற்கடித்தார். போன மாதம் அவர் இறந்தபோது துக்கத்துக்கு வந்த பஸ் முதலாளிகள் வாசலில் உட்கார்ந்து அந்த ஒன்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நன்றி மறக்காதவர்கள்.

என் அக்காள் நஞ்சம்மாவை அவருக்குக் கொடுத்தபோது அவர் டிரைவர். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு மேலுமலை இறக்கத்தில் யுத்த காலத்துப் பஸ்களை ஓட்டியவர். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிப்பதும் பிடிக்காததும் அன்றன்றைய பஸ்ஸின் மனநிலையைப் பொறுத்தது. சில வருஷம் சாமி கும்பிட்டுக்கொண்டே ஓட்டினார். பிறகு, இந்த வண்டிகளை ஓட்டுவதைவிட விற்றுக் கொடுப்பது உடம்புக்கு நல்லது என்று கண்டுகொண்டார். ஓசூரில் பழைய பஸ் தரகர் ஒருவர் உருவானது இப்படித்தான்.

தொழிலுக்கு ஊர் தோதானது. மேற்கே ஜூஜுவாடியைத் தாண்டினால் மைசூர் ராஜ்ஜியம். அங்கே கழித்துப் போட்ட பஸ் இங்கே வரும். இங்கே கழித்துப் போட்டது அங்கே போகும். எல்லையைத் தாண்டியதும் இரண்டும் புதுசாகிவிடும். வர்ணம் அடித்து, பேர் மாற்றி எழுதி, முன்கண்ணாடியில் ஒரு மாலையைப் போட்டுவிட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

இதற்கெல்லாம் குறுக்கே சர்க்கார் ஒரு சட்டம் வைத்திருந்தது. பழைய பஸ்ஸை விற்க வேண்டுமானால் அது ரோட்டில் ஓட லாயக்கானது என்று மோட்டார் இன்ஸ்பெக்டர் பார்த்து எஃப்.சி. கொடுக்க வேண்டும். அது இல்லாமல் வாங்குகிறவர் பேருக்கு வண்டி மாறாது. அந்த உத்தியோகஸ்தரை எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். ஒரு வண்டியில் பார்க்க வேண்டிய முக்கியமான சங்கதி என்ன என்பது ஜனங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பஸ்ஸில் ஏறும்போதுதான் மறந்துவிடுவார்கள்.

மாதம் ஒரு தடவை இன்ஸ்பெக்டர் ஓசூருக்கு முகாம் வருவார். ஜூஜுவாடி ரோட்டில் ஒரு பெரிய புளியமரத்தடியில் அவருக்கு மேஜை நாற்காலி போட்டிருக்கும். பஸ்கள் வரிசையாக நிற்கும். அவர் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் பார்ப்பார். சட்டப்படி பஸ்ஸில் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும். ஓசூர் பஸ்கள் அத்தனைக்கும் சேர்த்து அப்போது ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. அது திம்மப்பனுடையது. இன்ஸ்பெக்டர் முதல் பஸ்ஸை விட்டு முன்பக்கமாக இறங்கும்போது பெட்டி பின்பக்கமாக இறங்கி இரண்டாவது பஸ்ஸில் ஏறும். ஹாரனும் அப்படியே. "எல்லாப் பஸ்ஸிலும் ஒரே மாதிரி பெட்டி வைத்திருக்கிறீர்கள், இந்த ஒழுங்கு மற்ற தாலுகாவில் இல்லை" என்று ஒரு தடவை அவர் வாய்விட்டுப் பாராட்டினார். முதலாளிகள் அடக்கத்தோடு தலை குனிந்துகொண்டார்கள்.

ஆபத்துக் காலத்துக்கு என்று பின்னால் ஒரு கதவு இருக்க வேண்டும் என்றும் சட்டம். கதவு எல்லா வண்டியிலும் இருந்தது. சிலவற்றில் மழைத்தண்ணீர் வருகிறதென்று ஆணி அடித்து வர்ணம் பூசியிருந்தார்கள். ஆபத்து வந்தால் யாராவது ஆணி பிடுங்கிக்கொள்ள மாட்டார்களா என்ன.

கடைசியில் பிரேக். ரோட்டுக்குக் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார்கள். பஸ் ஓசூர்ப் பக்கமிருந்து இருபது மைல் வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் பிரேக்கை மிதித்து, சொன்ன தூரத்துக்குள் நிற்க வேண்டும். அந்த இடத்தில் ரோடு பார்வைக்கு சிலேட்டுப் பலகை மாதிரி மட்டமாக இருக்கும். ஆனால் மட்டமில்லை. திம்மப்பன் டிரைவராக இருந்த நாளில், அங்கே கியர் இல்லாமல் விட்ட வண்டி தானாகவே ஓசூர்ப் பக்கம் பின்னால் உருண்டு வந்ததைப் பார்த்திருக்கிறார். ஜூஜுவாடியை நோக்கிப் போகிறவனுக்கு அது மேடு. கண்ணுக்குத் தெரியாத, நல்ல, நீளமான மேடு.

இன்ஸ்பெக்டர் முதலில் வேறொரு இடத்தில்தான் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தார். அங்கே வெயில். "இங்கன நெழல் இருக்குதுங்க, எளநியும் கெடைக்கும்" என்று சொல்லி அவரைப் புளியமரத்தடிக்கு அழைத்து வந்தது திம்மப்பன். அதன் பிறகு ஓசூர் முகாமில் ஒரு பஸ்கூடத் தோற்கவில்லை. இந்தத் தாலுகாவில் பிரேக் பிடிக்காத வண்டியே கிடையாது என்று மேலிடத்துக்கு அறிக்கை போனதாகச் சொல்வார்கள். பொய்யில்லை. அந்த இடத்தில் உருட்டிவிட்ட பூசணிக்காய்கூடப் பிரேக் பிடிக்கும்.

"இது பாவமில்லையா?" என்று நஞ்சம்மா ஒரு தடவை கேட்டாள்.

"நான் எவனையும் ஓட்டச் சொல்லலியே. வாங்கத்தானே சொல்றன்? வாங்கறவன் ஷெட்டுக்கு வுட்டு எல்லாம் சரி பண்ணிக்குவான்" என்றார்.

ஷெட்டுக்கு விட்டவர்களும் இருந்தார்கள். விடாதவர்களின் கதை மைசூர்ப் பக்கமோ ஊத்தங்கரைப் பக்கமோ நடந்ததால் நம் காதுக்கு எட்டவில்லை. தூரம் மனிதனுக்கு நல்ல தூக்கம் தரும்.

ஐம்பத்து நாலாம் வருஷம் கஜலட்சுமி விற்பனைக்கு வந்தது. அதன் சொந்தக்காரர் சென்னகிருஷ்ணன், நிலபுலன் உள்ளவர். பஸ்ஸுக்குத் தம் தாயார் நினைவாகப் பேர் வைத்து, தாயாரைக் கவனித்துக்கொண்ட மாதிரியே அதையும் கவனித்துக்கொண்டார். சீட்டுகளில் தேங்காய் நார் வெளியே எட்டிப் பார்த்தது. பிரேக் லைனர் ஆணித்தலை தெரியத் தேய்ந்திருந்தது. மூன்று தடவை மிதித்தால் நாலாவது தடவை ஏதோ கொஞ்சம் பிடிக்கும். மேலுமலைப் பக்கம் அதை அனுப்புவதை அவர் நிறுத்தி நாளாகியிருந்தது. வண்டிக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற கவலை.

வாங்க வந்தவர் கல்லாவி அக்பர் பாஷா. புளி வியாபாரி. கல்லாவிக்கும் ஊத்தங்கரைக்கும் நடுவே பஸ் விட வேண்டும் என்று வெகுநாள் ஆசை. மோட்டாரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு நாலு சக்கரம் என்பதுதான். புதன்கிழமை முகாமில் கஜலட்சுமிக்கு நீல வர்ணமும் மாலையும் போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெட்டி ஏறியது, ஹாரன் ஏறியது. பஸ் கோட்டைத் தொட்டு, மேட்டில் திணறி, புதுப்பெண் போல அடக்கமாக நின்றது. இன்ஸ்பெக்டர் இளநீரை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலையே அக்பர் பாஷா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திம்மப்பன் வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பழைய பஸ் கைமாறினால் முதல் ட்ரிப்பில் தரகர் வீட்டு ஆள் ஒருவர் காசில்லாமல் முன் சீட்டில் உட்கார்ந்து போக வேண்டும். வண்டி நல்ல வண்டி என்பதற்கு அதுதான் சாட்சி. தரகர் வீட்டு ஆள் ஏறாத வண்டியை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். திம்மப்பன் எப்போதும் தாமே ஏறிக்கொள்வார். எந்த ஊருக்குப் போகிற வண்டியானாலும் முதலில் ஜூஜுவாடி செக்போஸ்ட் வரை விடச் சொல்லி, அங்கே சலாம் போட்டு இறங்கிவிடுவார். அதுவரைக்கும் மேடுதான்.

"அண்ணே, உங்க பொண்ணு எங்க கல்லாவியிலதான் வாழுதாமே?" என்றார் அக்பர் பாஷா.

"ஆமா பாய். முனிவேலுன்னு..."

"அட, முனிவேலா! நம்ம கடைக்குப் புளி போடற ஆளாச்சே அவரு. பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்குதுன்னு சொன்னாரு."

"மூணு மாசமாச்சு பாய், ஆம்பளப் புள்ள" என்று நஞ்சம்மா உள்ளேயிருந்து சொன்னாள். "கொண்டு போய் வுடணும். கிருஷ்ணகிரியில ஒரு பஸ், ஊத்தங்கரையில ஒரு பஸ்ஸுன்னு மாறி மாறி, கைப்புள்ளய வச்சுகினு எப்பிடிப் போறதுன்னு தவிச்சுகினு இருக்கோம்."

"எதுக்கும்மா மாறணும்? வெள்ளிக்கெழம நம்ம வண்டி கெளம்புது. மொத ட்ரிப்பு. தாயும் புள்ளையும் முன் சீட்டு. வூட்டு வாசல்லயே எறக்கி வுடறன். தரகர் பொண்ணு ஏறினா எனக்கும் பரக்கத்து, யாவாரம் பெருகும்."

நஞ்சம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகள் செல்வம்மாள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசற்படிக்கு வந்து சிரித்தாள். திம்மப்பன் வாழைப்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓசூரிலிருந்து கல்லாவிக்குப் போகிற வண்டி மேலுமலையில் இறங்கித்தான் ஆக வேண்டும். அங்கே சுண்ணாம்புக்கோடும் கிடையாது, புளியமரமும் கிடையாது.

அக்பர் பாஷா போனதும், "வெள்ளிக்கெழம வேணாம்" என்றார்.

"ஏன்? நல்ல நாளுதானே?"

"புள்ளைக்குச் சளி புடிச்சிருக்குது."

"புள்ள நல்லாத்தான் இருக்குது. உங்களுக்குத்தான் மூஞ்சி தொங்கிப்போயிருக்குது. ஓசியில போறது உங்களுக்குக் கவுரவக் கொறச்சலா?"

"பழைய வண்டி. நடுவழியில நின்னுபோச்சுன்னா?"

"இன்னாப்பா நீ, அது நீ பாஸ் பண்ணி வுட்ட வண்டிதானே?" என்றாள் செல்வம்மாள். "எங்கப்பா கையால பாஸான வண்டின்னு ஊர் முழுக்கச் சொல்லிக்கினே போவேன்."

திம்மப்பன் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு சென்னகிருஷ்ணன் வீட்டுக்கு நடந்தார்.

சென்னகிருஷ்ணன் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வண்டிக்குப் புது லைனர் போட்டுவிட்டு அனுப்பலாம் என்று திம்மப்பன் சொன்னதும் மெல்லுவதை நிறுத்தினார்.

"ஏமய்யா, வண்டி பாஸாயிட்டுதா இல்லியா?"

"ஆயிட்டுதுங்க."

"பாஸான வண்டிக்கு எவனாவது பிரேக் போடுவானாய்யா? பாஸாவறதுக்குத்தான் போடுவான். அதுக்கே நாம போடல."

"இல்லீங்க கவுண்டரே, எம் பொண்ணு அதுல போவுது."

"அப்ப அவள வேற வண்டியில போவச் சொல்லு" என்றார் சென்னகிருஷ்ணன். நல்ல யோசனைதான். தரகர் பெண் வேறு வண்டியில் போனால் கஜலட்சுமியை யார் எடுப்பார்கள் என்பது துப்பிவிட்டு வந்த பிறகு அவருக்கே தோன்றியது. "வேணாம் வேணாம், இதுலயே போவட்டும். ஓரமா பாத்து ஓட்டச் சொல்றன்."

திம்மப்பன் மறுநாள் காலையில் பயணியர் விடுதிக்குப் போனார். இன்ஸ்பெக்டர் முகாமின் இரண்டாம் நாளுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர், கனமான ஆள், லஞ்சம் தொடாதவர். நிழலைத் தவிர எதற்கும் மயங்கமாட்டார்.

"சார், நேத்து நீலக் கலர் வண்டிக்கு எஃப்.சி. குடுத்தீங்களே, அதை ஃபெயில் பண்ணணுங்க."

இன்ஸ்பெக்டர் காது கேட்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என்ன பண்ணணும்?"

"ஃபெயிலுங்க. பிரேக்கு இல்லீங்க அதுல."

"திம்மப்பா, நான் இந்த உத்தியோகத்துக்கு வந்த நாளாகப் பாஸ் பண்ணச் சொல்லி எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். ஃபெயில் பண்ணச் சொல்லி ஒருத்தனும் வந்ததில்லை. உனக்கும் சென்னகிருஷ்ணனுக்கும் கமிஷனில் தகராறா?"

"இல்லீங்க சார்."

"வேறொரு பஸ்ஸை அந்தப் பாய் தலையில் கட்டப் பார்க்கிறாயா?"

"இல்லீங்க. அந்த எடம் மேடுங்க சார். அங்கன எந்த வண்டியும் நிக்கும்."

இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "மேடா? எத்தனை வருஷமாக அங்கே உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியாத மேடா? போய் வேலையைப் பார். நிற்காத வண்டியை நீ காட்டு, நான் எழுதுகிறேன்."

இதைவிட நியாயமாக ஒரு அதிகாரி பேச முடியாது. திம்மப்பன் கும்பிட்டுவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமைப் பயணத்துக்குக் கழுவிப் பொட்டு வைக்க வேண்டும் என்று சொல்லி கஜலட்சுமியை ஷெட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். அக்பர் பாஷாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் புளியமரத்தடியில் கொண்டுபோய் இறக்கினார். அங்கே இரண்டாம் நாள் முகாம் நடந்துகொண்டிருந்தது. முதலாளிகள், டிரைவர்கள், ஆனேக்கல்லிலிருந்து வாங்க வந்தவர்கள் என்று நல்ல கூட்டம்.

"பாய், இங்கனயே ஓரமா நில்லுங்க. நான் ஜூஜுவாடிப் பக்கம் போய்த் திருப்பிக்கினு வரன். அந்தக் கோட்டுகிட்ட வண்டி நின்னா வாங்குங்க."

"நேத்துதான் நின்னுதே அண்ணே?"

"நேத்து ஏறி வந்து நின்னுது. இன்னிக்கு எறங்கி வரட்டும்."

அக்பர் பாஷாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் மரியாதைக்கு ஓரமாக நின்றார்.

திம்மப்பன் பஸ்ஸை மேட்டு உச்சிக்குக் கொண்டுபோய்த் திருப்பினார். பரீட்சைக்குச் சொன்ன வேகத்துக்கு மேல் ஒரு மைல்கூட அதிகம் ஓட்டவில்லை என்று பிறகு எல்லாரிடமும் சொல்வார். கோட்டைத் தொட்டதும் மிதித்தார். மறுபடி மிதித்தார். மறுபடியும் மிதித்தார். கஜலட்சுமி கோட்டைத் தாண்டி, சொன்ன தூரத்தைத் தாண்டி, அதற்கு இரண்டு பங்கைத் தாண்டி, மரியாதையில்லாமல் அதிகாரியின் மேஜையை நோக்கி வந்தது. ஹாரனை அமுக்கலாமென்றால் அது நேற்றே அடுத்த வண்டிக்குப் போய்விட்டது. தலையை வெளியே நீட்டி, "ஓடுங்க! ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே வந்தார். கூட்டம் சிதறியது. இன்ஸ்பெக்டர் அவ்வளவு வேகமாக ஓடக்கூடியவர் என்று அதுவரை ஒருவருக்கும் தெரியாது. நாற்காலி மட்டும் கடமை தவறாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் மேல் ஏறி, மேஜையின் மேல் ஏறி, பஸ் ஓரத்துக் கேழ்வரகு வைக்கோல் போரில் போய்ச் செருகிக்கொண்டது. போருக்குள் ஒரு பாறை இருந்திருக்கிறது. திம்மப்பனின் இடது கால் அங்கே முறிந்தது.

முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவா என்று யாரோ கத்தினார்கள். அது எந்தப் பஸ்ஸில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரமாகிவிட்டது. திறந்து பார்த்தால் டிஞ்சர் என்றைக்கோ காய்ந்துபோய் பாட்டிலின் அடியில் கறையாக ஒட்டியிருந்தது. அதற்கும் திம்மப்பனையே நொந்துகொள்ள வேண்டியிருந்தது.

அக்பர் பாஷா அவரை வைக்கோலிலிருந்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"இன்னா அண்ணே இது! வாயால சொல்லியிருந்தா வாங்காம போயிருக்க மாட்டனா?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா பாய்? ஒரு வண்டியக்கூட நான் ஆவாதுன்னு சொன்னதில்ல. வேற எவனுக்கோ முடிக்கப் பாக்கறன்னு நெனச்சிருப்பீங்க."

அக்பர் பாஷா கொஞ்சம் யோசித்தார். "அதுவும் வாஸ்தவந்தான்" என்று சொல்லித் தம் தோள்துண்டைக் கிழித்துக் காலைக் கட்டினார்.

இன்ஸ்பெக்டர் வார்த்தை தவறாதவர். எழுதுவதாகச் சொன்னபடியே எழுதினார். பரீட்சைக்கென்று குறிக்கப்பட்ட திசைக்கு நேர்மாறான திசையில் வாகனத்தை ஓட்டியது டிரைவரின் குற்றம் என்று எழுதினார். கஜலட்சுமியின் எஃப்.சி. அப்படியே செல்லும் என்றும் ஆயிற்று. சட்டப்படி அந்த வண்டி வைக்கோல் போருக்குள்ளும் ரோட்டில் ஓட லாயக்கானதாகவே இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. பார்த்தவர்கள் மைசூர் ராஜ்ஜியம் வரை போய்ச் சொல்லிவிட்டார்கள். கடைசியில் சென்னகிருஷ்ணன் அதை ஜூஜுவாடிக்கு இழுத்துக்கொண்டுபோய், சக்கரங்களைக் கழற்றி, டீக்கடை வைக்கக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. பிரேக்கைப் பற்றி ஒரு புகாரும் இல்லை.

செல்வம்மாள் அடுத்த வாரம் கைக்குழந்தையோடு மூன்று பஸ் மாறிக் கல்லாவிக்குப் போனாள். கொண்டுபோய் விட்டு வந்த நஞ்சம்மா ஒரு வருஷம் சொல்லிச் சொல்லித் திட்டினாள். "பெத்த பொண்ண வாசல்ல கொண்டுபோய் எறக்க ஒரு வண்டி கெடச்சுது. அதையும் போர்ல சொருவிட்டு வந்தாரு." திட்டிக்கொண்டே காலுக்கு எண்ணெய் தடவுவாள். ஏன் செருகினார் என்று அவள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

முதலாளிகள் அதன் பிறகு அவரிடம் வண்டி கொடுக்கவில்லை. வாங்குகிறவர்கள்தான் வந்தார்கள். கோணிப்போன காலோடு அவரை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவர் பஸ்ஸுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, பெரும்பாலும் வேண்டாம் என்று கையை ஆட்டுவார். வேண்டாம் என்று சொல்லுகிற தரகருக்கு எவ்வளவு வரும்படி வருமோ அவ்வளவு வந்தது. இன்ஸ்பெக்டர்கள் இரண்டு பேர் மாறிவிட்டார்கள். பரீட்சை இன்னும் அதே புளியமரத்தடியில், அதே திசையில்தான் நடக்கிறது. நிழல் அப்படியே இருக்கிறது. ஒரு மாறுதல் மட்டும் வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டு இன்ஸ்பெக்டர் போன பிறகு, வாங்குகிறவர்கள் வண்டியை ஜூஜுவாடிப் பக்கமிருந்து ஒரு தடவை இறக்கிக் காட்டச் சொல்கிறார்கள். மேஜையை மட்டும் முன்னதாகத் தூக்கி அப்பால் வைத்துவிடுகிறார்கள்.

திம்மப்பன் போனது மாரடைப்பில், காலை நேரத்தில். கல்லாவிக்குத் தந்தி கொடுத்தோம். மகள் வரும்வரை எடுக்கக் கூடாது என்று நஞ்சம்மா சொல்லிவிட்டாள். பொழுது சாயத் தொடங்கியது. வாசலில் முதலாளிகள் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். "கஜலட்சுமியா இருந்தா இந்நேரம் வந்து சேந்திருக்கும்" என்று சென்னகிருஷ்ணன் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அக்பர் பாஷாவின் பஸ்ஸில்தான் அவள் வந்தாள். வேறொரு பழைய பஸ், திம்மப்பன் அடியில் படுத்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தது. கல்லாவியிலிருந்து அதை நேரே ஓசூருக்கு விடச் சொல்லி, டிரைவரோடு பாஷாவே கூட வந்திருந்தார். முன் சீட்டிலிருந்து முனிவேல் இறங்கினான், பையன் இறங்கினான், அப்புறம் பிறந்த பெண் இறங்கியது, செல்வம்மாள் இறங்கினாள். ஓடிவந்து அப்பாவின் காலடியில் விழுந்தாள்.

"எப்பவோ கெளம்பிட்டேனேப்பா" என்று அழுதாள். "மேலுமல ஏத்தத்துல ஆடு வந்தா பிரேக் போட்டு நிறுத்தறான் டிரைவரு, மாடு வந்தா நிறுத்தறான். நிறுத்தி நிறுத்திக் கூட்டியாந்தானேப்பா."

வாசலில் உட்கார்ந்திருந்த முதலாளிகள் எழுந்து நின்றார்கள். அக்பர் பாஷா பஸ்ஸின் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு வந்து, பாடைக்கு முன்னால் ஒரு கை கொடுத்தார்.